நஞ்சப்பன் நடந்தே வருவார்

போன வாரம் நஞ்சப்பனைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மீட்டு, காரில் மலையேற்றி, அருவங்காடு குவார்ட்டர்ஸ் வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்ததோடு நிறுத்தியிருந்தோம். காய்ச்சல் விட்டுப் போயிற்று. பிளேட்லெட் ஏறிவிட்டது. அப்பாடா என்று வேலாமணி உட்கார்ந்தாள். உட்கார்ந்த மறுநாளே அவள் வீட்டுக்காரருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

சிலருக்கு டெங்கு விட்டுப் போகும்போது வயிற்றையும் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத்தான் போகும் என்றார் குன்னூர் டாக்டரம்மா. பயப்பட வேண்டாம், ஆனால் வெளியே போகிற தண்ணீருக்கு ஈடாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், உப்புப் போட்ட கஞ்சி கொடுங்கள், மோர், வாழைப்பழம் கொடுங்கள். பால் டீ வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், பேதியை நிறுத்துகிற மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பர்லியாரிலிருந்து வேலாமணியின் தங்கை சக்தி பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பப்பாளி இலைக் கட்டு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளேட்லெட்தான் ஏறிவிட்டதே, கசப்புச் சாற்றை ஊற்றி வயிற்றை எதற்கு மேலும் கலக்குகிறீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கட்டு இன்னும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிச் சுவரில் சாய்ந்தபடி காய்ந்துகொண்டிருக்கிறது. தங்கை போனில் கேட்டால் மட்டும் வேலாமணி கொடுத்தாயிற்று என்பாள்.

இந்தக் காய்ச்சல் மலையில் பிடித்தது அல்ல. அதை வேலாமணி யார் கேட்டாலும் முதலில் சொல்லிவிடுவாள். மகன் வசந்தகுமார் கோயமுத்தூரில் தன் வீட்டு மாடியில் அப்பா அம்மாவுக்கென்று ஓர் அறை கட்டுகிறான். புதுத் தளத்தில் தண்ணீர் கட்டி நிறுத்தியிருந்த நாட்களில், பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் பேர்வழி என்று போய்த் தங்கினார் நஞ்சப்பன். அந்தத் தண்ணீரில் பிறந்த கொசு, வீட்டுக்காரனை விட்டுவிட்டு விருந்தாளியைக் கடித்தது. மகனுக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

நஞ்சப்பனின் பாக்டரி வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் மாடி அறைக்குப் போக வேண்டும். மகன் அப்படி நினைத்தான், மருமகள் அப்படி நினைத்தாள், நஞ்சப்பனும் சரி என்று தலையாட்டி வைத்திருந்தார். வேலாமணியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஜெகதளா ரோட்டில் முன்னால் ஒரு பேரிக்காய் மரம் நிற்கிற சின்ன வாடகை வீட்டை அவள் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பாள் என்பது பக்கத்து வீட்டு ஜெஸிந்தாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அது கிடக்கட்டும். இன்றைக்கு விஷயம் வேறு. இன்றைக்கு நஞ்சப்பனுக்கு ரிட்டயர்மென்ட்.

அவர் மெடிக்கல் லீவில் இருந்தார். கடைசி நாள் வராவிட்டாலும் பென்ஷனில் ஒரு குறையும் வராது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பென்ஷனா முக்கியம். வேலை முடிகிற அன்றைக்குச் செக்‌ஷன் ஆட்கள் ஷெட்டில் வரிசையாக நின்று பேசுவார்கள், மாலை போடுவார்கள். சாயங்காலச் சங்கு ஊதியதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டு கேட் வரை நடத்திக் கூட்டி வருவார்கள். அங்கிருந்து வீடு வரை ஊர்வலம். வாசலில் மனைவி ஆரத்தி எடுப்பாள், போண்டாவும் கேசரியும் டீயும் நடக்கும். எத்தனையோ பேரை அந்தக் கேட்டுக்கு வெளியே நடத்திக் கொண்டுவந்து விட்டவர் நஞ்சப்பன். தச்சுப் பிரிவில் மாலை வாங்கி வருகிற வேலையே பல வருஷமாக அவருடையதுதான்.

"என்ர முறைக்கு நான் கட்டில்ல படுத்துட்டு சங்குச் சத்தத்தைக் கேக்கறதா? நடந்தே வருவேன் புள்ள" என்று ஆஸ்பத்திரியில் ஊசி குத்தின கையைத் தூக்கிச் சொன்னவர் அவர். அன்றைக்குத்தான் வேலாமணிக்கு ஆள் பிழைத்துவிட்டார் என்று நம்பிக்கை வந்தது.

காலையில் அவளுக்கு இன்னொரு நல்ல சேதி கிடைத்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வயிறு நின்றுவிட்டதாம், ஒரு தடவைகூடப் போகவில்லையாம். நஞ்சப்பன் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சொன்னார். வேலாமணி சாமி படத்துக்கு ஒரு பூவை எடுத்து வைத்துவிட்டு, மகள் ராஜப்ரியாவை எழுப்பி, கேசரிக்கு ரவையை வறுக்கச் சொன்னாள். ராஜப்ரியா கோத்தகிரியில் ஸ்கூல் டீச்சர். அப்பாவுக்காக லீவு போட்டு வந்திருந்தாள். அவளுக்கும் சந்தோஷம்தான். அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டினாள்.

வேலாமணி ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ். தண்ணீரையும் ஒரு கிண்ணம் கஞ்சியையும் அவர் பக்கத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டும் காலி. எவ்வளவு நாளைக்கு அப்புறம் இப்படிச் சாப்பிடுகிறார் என்று மனசு நிறைந்து போனது. வெங்காயம் நறுக்கும்போது பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள் என்றால் பாருங்கள்.

அந்தப் பாட்டைக் கெடுத்தது கோழி.

ஜெஸிந்தா மணத்தக்காளிக் கீரை கொடுக்க வந்தாள். அவள் வீட்டுக்காரர் நெல்சன் நஞ்சப்பனுக்கு இளையவர், அதே தச்சுப் பிரிவு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான், அதிலும் பாதியைக் கோழி தள்ளிவிட்டது.

"அக்கா, எங்க கோழிகளுக்கு உங்க ஊட்டு ஜன்னலுக்குக் கீழ அப்படி என்னதான் வெச்சிருக்கறீங்க? நேத்திருந்து அக்கட்டயே கெடக்குதுக. ஊட்டுத் தீவனத்தைத் தொடவே மாட்டேங்குதுக."

வேலாமணி கத்தியைக் கீழே வைத்தாள். பொடக்காலிப் பக்கம் சுற்றிக்கொண்டு போனாள். பனி விலகி வெயில் அடித்தது. அவர் படுத்திருக்கும் அறை ஜன்னலுக்கு நேர் கீழே, வெந்த அரிசிப் பருக்கைகளை ஐந்தாறு கோழிகள் அவசரமில்லாமல் கொத்திக்கொண்டிருந்தன. ஜன்னல் திண்டில் அவள் ஆசையாக வளர்க்கும் ஜெரேனியத் தொட்டி. இலையெல்லாம் வதங்கி, மண் மேலே எறும்பு மொய்த்துக் கிடந்தது. அவள் மண்ணைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பும் இனிப்பும்.

கஞ்சி கோழிக்கு. கரைசல் பூச்செடிக்கு. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இவர் வயிற்றில் பச்சைத் தண்ணீர் இல்லை.

அவள் உள்ளே ஓடினாள். நஞ்சப்பன் ஷேவிங் செய்ய எழுந்து, வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். முகத்தில் பாதி நுரை. உதடு வெடித்திருந்தது. அவள் போய்த் தோளைப் பிடிப்பதற்குள் கால் மடங்கி, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். ராஜப்ரியா கையில் ரவைக் கரண்டியோடு ஓடி வந்தாள். இரண்டு பேருமாக அவரைக் கட்டிலில் சாய்த்தார்கள்.

பயமும் கோபமும் ஒன்றாக வந்தால் எதை முதலில் காட்டுவது என்று வேலாமணிக்குத் தெரியவில்லை. குரலை மட்டும் உயர்த்தாமல் கேட்டாள்.

"ஏனுங்க, கஞ்சி குடிச்சீங்களா?"

"குடிச்சேன் புள்ள."

"கோழி குடிச்சுது."

நஞ்சப்பன் நுரையைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். மகள் அசைகிற மாதிரி தெரியவில்லை.

"உள்ள ஒண்ணும் இல்லீன்னா வெளியவும் ஒண்ணும் வராதில்ல. அதான் கணக்கு" என்றார் மெதுவாக. "ஷெட்டுல பேச ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் நிக்கோணும். ஆபீசர் பேசறப்போ நடுவுல நான் மாலையோட கக்கூசுக்கு ஓடறதா? பல்லு குமாரசாமி கதை தெரியுமில்ல உனக்கு?"

தெரியாமல் என்ன. குமாரசாமி ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலையைக் கழற்றும்போது பல் செட்டும் அதில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் பல்லு குமாரசாமி. அவர் மகன் பல்லு மகன். பாக்டரி ஆட்கள் ஒரு பேர் வைத்தால் அது சுலபத்தில் உதிராது. பாதிப் பேர் அந்த ஆளின் சொந்தப் பேரையே மறந்துவிடுவார்கள். இத்தனை வருஷமாக ஒரு பட்டப்பேரும் வாங்காமல் நஞ்சப்பன் என்றே தப்பித்து வந்த மனுஷன், கடைசி நாளில் மாட்டிக்கொள்ளப் பயந்து பட்டினி கிடந்திருக்கிறார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். வேலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்த ராத்திரிகளை இவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை ரத்தம் எடுத்துப் போகும்போதும் அவள் என்ன வேண்டினாள் என்று இவருக்குத் தெரியாது.

"பேரு போனாப் போகுதுங்க" என்றாள். "ஆளு போனா நான் என்ன பண்றது?"

நஞ்சப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

ராஜப்ரியா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மலத்தில் ரத்தம் உண்டா, கறுப்பாகப் போனதா, வாந்தி இருக்கிறதா, வயிறு வலிக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவள் கடைசிக் கேள்வியில் தடுமாறினாள். கடைசியாக எப்போது சிறுநீர் போனார்? நஞ்சப்பன் கூரையைப் பார்த்தபடி, நேற்று ராத்திரி கொஞ்சம் என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கரைசலை ஒரேயடியாகக் கொடுக்காமல் இரண்டு மூன்று வாயாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், மத்தியானத்துக்குள் சிறுநீர் போக வேண்டும், எழுந்தால் தலை சுற்றக் கூடாது. இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் உடனே இங்கே கூட்டி வந்துவிடுங்கள், டிரிப் போட வேண்டும் என்றார். விழாவுக்குப் போகலாமா என்று நஞ்சப்பன் கட்டிலிலிருந்தே சைகை காட்டினார். ராஜப்ரியா கேட்டாள். முதலில் சிறுநீர் போகட்டும், அப்புறம் விழாவைப் பற்றிப் பேசலாம் என்று பதில் வந்தது.

ஆக, நஞ்சப்பனின் ரிட்டயர்மென்ட் இப்போது இந்த ஒரு விஷயத்தில் வந்து நின்றது.

வேலாமணி போண்டா மாவை மூடி வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன், ஒரு வாய். சிறிது நேரம் விட்டு மறுபடி. நஞ்சப்பன் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். நடுவில் முகத்தைச் சுளித்து இதென்ன கண்றாவி ருசி என்றார். செடிக்கு ஊற்றும்போது தெரியவில்லையா என்று மகள் கேட்டாள். அதற்கப்புறம் அவர் ருசியைப் பற்றிப் பேசவில்லை. ஜன்னலை வேலாமணி சாத்திவிட்டாள். கோழிகள் வெளியே சிறிது நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கலைந்து போயின.

கொஞ்சம் கழித்து வயிறு ஒரு தடவை போனது. நஞ்சப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார், போச்சு எல்லாம் போச்சு என்றார். போகட்டும், அதற்கும் சேர்த்துக் குடிங்க என்று வேலாமணி அடுத்த டம்ளரைக் கரைத்தாள். இளகிய கஞ்சியில் மோரை ஊற்றி, உப்புப் போட்டுக் கொடுத்தாள். பாதிக் கிண்ணம் இறங்கியது. வாழைப்பழத்தில் பாதி இறங்கியது. வெயில் முற்றத்தைத் தாண்டிப் படிக்கு வந்தபோது அவர் முகத்தில் சிறிது ரத்த ஓட்டம் தெரிந்தது.

மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது. வேலாமணி சமையலறையில் எண்ணெய்ச் சட்டியை வைக்கவா வேண்டாமா என்று நின்றாள். ராஜப்ரியா டாக்சிக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். அப்போது பாத்ரூமுக்குள்ளிருந்து நஞ்சப்பன் குரல் வந்தது.

"ஏ வேலாமணி. போயிருச்சு. நல்லாவே போயிருச்சு."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கல்யாணம் நிச்சயமான வீடு மாதிரி இருந்தது. ஜெஸிந்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னக்கா விசேஷம் என்று கேட்டாள். இன்ன விசேஷம் என்று சொன்னதும் அவளும் சிலுவை போட்டுக்கொண்டு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அவர் சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலை சுற்றவில்லை என்றார். இந்தத் தடவை வேலாமணி அவர் சொல்லை அப்படியே நம்பவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, மறுபடி நிற்கச் சொல்லிப் பார்த்தாள்.

டாக்டரம்மா போனில் இரங்கினார். ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, குடிக்கிறதை நிறுத்தக் கூடாது, சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார்.

நஞ்சப்பன் மனைவியிடம் நாலாவதாக ஒன்று போட்டார். யாரிடமும் வயிற்று விஷயத்தைச் சொல்லக் கூடாது. காய்ச்சல் களைப்பு என்றே சொல்ல வேண்டும்.

வேலாமணி சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டு நேராக வேலி வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த நெல்சனிடம் கோழியிலிருந்து பாத்ரூம் வரை ஒன்று விடாமல் சொன்னாள். வாக்குக் கொடுத்தது வாக்குத்தான், ஆனால் அவர் பிழைத்து வருவது அதைவிட முக்கியம். நெல்சன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு, இதற்குப் போயா அண்ணன் பட்டினி கிடந்தார் என்று கேட்டார். எப்போதும் ஷெட்டில் பேசுகிறதை இன்றைக்கு வேண்டாம் என்று வைத்து, பேச்சு முழுவதையும் வீட்டுக்கு மாற்றிவிட முடியுமா என்று அவள் கேட்டாள். இதுவரை அப்படி யாருக்கும் நடந்ததில்லையே என்று அவர் யோசித்தார்.

"தம்பி, அவருக்கு வேணும்ங்கறது ஒண்ணே ஒண்ணு. சங்கு ஊதறப்போ கேட்டைத் தாண்டி நடந்து வரோணும். மத்ததெல்லாம் சேர்ல உக்காந்துட்டுக் கேட்டுக்கலாம்."

நெல்சன் சாப்பிட்டு முடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தார். ஆபீசரிடமும் செக்‌ஷன் ஆட்களிடமும் களைப்பு என்று மட்டும் சொன்னார். அந்த அளவுக்கு நல்ல மனுஷன்.

சங்குக்குக் கொஞ்ச நேரம் முன்னால் நெல்சனின் காரில் நஞ்சப்பன் போனார். இஸ்திரி போட்ட சட்டை தோளில் தொங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. போகும்போது வாசலில் நின்று, ஆரத்தித் தட்டு தயாரா என்று கேட்டார். தயார் என்றாள் வேலாமணி.

கார் திரும்பியதும் தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, பிளாஸ்க்கில் ஓ.ஆர்.எஸ்.ஸை ஊற்றிக்கொண்டு, ஸ்வெட்டரை மாட்டினாள். ரிட்டயர் ஆகிறவரின் மனைவி கேட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. வீட்டில் நின்று ஆரத்தி எடுப்பதுதான் வழக்கம். யாராவது ஏதாவது சொன்னால் சொல்லட்டும் என்று அவள் கிளம்பினாள். ஜெஸிந்தாவும் கூட வந்தாள்.

கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றார்கள். இத்தனை வருஷமாக அந்தச் சங்கை வைத்துத்தான் அவள் சோறு வடித்தாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், டீக்குப் பாலை அடுப்பில் வைத்தாள். ஒரு நாளும் அது ஊதுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. இன்றைக்கு ஊதியபோது நெஞ்சுக்குள் அதிர்ந்தது. பால் வைக்க வேண்டுமே என்று பழக்கத்தில் கை பரபரத்தது.

முதலில் சைக்கிள்கள் வந்தன, அப்புறம் பைக்குகள். அப்புறம் வழி விட்டு ஒதுங்கிய கூட்டத்துக்கு நடுவே அவர் வந்தார். கழுத்தில் சம்பங்கி மாலை. ஆள் இளைத்திருந்ததால் மாலை முழங்கால் வரை தொங்கியது. நெல்சன் ஒரு பக்கம் கையைப் பிடித்திருந்தார். கேட்டுக்குப் பத்தடி முன்னால் நஞ்சப்பன் நெல்சனிடம் ஏதோ சொன்னார். நெல்சன் கையை விட்டார். விட்டாலும் கையைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

அவர் தனியாக நடந்தார். மெதுவாக, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, கேட்டின் இரும்புத் தண்டவாளத்தைத் தாண்டி வெளியே வந்து நின்றார். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். வேலாமணிக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அங்கேயே பஸ் ஸ்டாப்பில் நின்று அழுது தீர்த்தாள். சந்தோஷமாக இருந்தது.

நஞ்சப்பன் அவளைப் பார்த்துவிட்டார். ரோட்டைத் தாண்டி அவளே வந்தாள். கையில் பிளாஸ்க்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சுற்றிலும் செக்‌ஷன் முழுக்க நிற்கிறது. அவள் அதை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

பின்னால் நின்ற ஒருவர் சும்மா இருக்காமல், என்னங்கண்ணா, அக்கா பிளாஸ்க்குலயே விருந்து கொண்டாந்துட்டாங்களா என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

நஞ்சப்பன் ஒரு நிமிஷம் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் இன்னும் ஈரம். அப்புறம் கையை நீட்டினார்.

"அதைக் குடு. நாக்கு ஒட்டுது" என்றார். கேட்டவர் பக்கம் திரும்பினார். "விருந்தில்லடா. உப்புத்தண்ணி. ரெண்டு மூணு நாளா வயித்தால போகுது. இதைக் குடிக்கலீன்னா நான் ஊடு போயிச் சேர மாட்டேன்."

அவ்வளவுதான், பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. எனக்குப் போன வருஷம் டெங்குக்கு அப்புறம் இதேதான், ஒரு வாரம் நான் பாத்ரூமைவிட்டு வெளியே வரவில்லை என்றார் ஒருவர். என் மச்சானுக்குக் கல்யாண மேடையிலேயே என்று இன்னொருவர் ஆரம்பித்தார். வீடு வரை ஊர்வலம் முழுக்க அதுதான் பேச்சு. காரின் முன் சீட்டில் உட்கார்ந்து பிளாஸ்க் மூடியில் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே நஞ்சப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். இத்தனை பேர் வயிறும் இத்தனை கதை வைத்திருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

வீட்டில் ராஜப்ரியா ஆரத்தி எடுத்தாள். ஹால் நிறைந்து வாசலிலும் ஆள் நின்றது. போண்டா எல்லார் கைக்கும் போனது, நஞ்சப்பன் கைக்கு மட்டும் கஞ்சிக் கிண்ணம் போனது. ஆபீசர் எழுந்து பேசத் தொடங்கி, நஞ்சப்பனின் நேர்மை என்கிற இடத்துக்கு வந்தபோது, நஞ்சப்பன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போனார். ஆபீசர் நிறுத்திவிட்டு டீ குடித்தார். ஹாலில் ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. திரும்பி வந்தவர் மாலையைப் போட்டுக்கொண்டு, "நேர்மைல விட்டீங்க சார்" என்றார். ஹால் அதிர்ந்தது. வாசலில் நின்ற குமாரசாமி சிரித்த சிரிப்பில் வாயை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வசந்தகுமாரின் கார் வந்து நின்றது. இளநீர்க் குலையோடு உள்ளே வந்தான். அப்பா உட்கார்ந்து பேசுவதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கியது. அம்மாவின் காதருகே வந்து, மாடி அறைக்கு நேற்றுப் பெயின்ட் அடித்தாயிற்று, ஜன்னலுக்கெல்லாம் கொசு வலை போட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப் போய்விடுகிறேன் என்றான். நல்ல பிள்ளை. வேலாமணி அவன் கன்னத்தைத் தடவினாள். இளநீர்க் குலையை வாங்கிக் கீழே வைத்தாள். ஜெஸிந்தா அவளைப் பார்த்தாள்.

கடைசியாக நஞ்சப்பன் எழுந்தார். உட்கார்ந்தே பேசுங்கள் என்றார்கள். இரண்டு வார்த்தைதான் என்று நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். மாலை வாங்கப் போனவர்களுக்குத் தனியாகச் சொன்னார்.

"எல்லாரும் இனி எங்க இருப்பீங்கன்னு கேக்கறீங்க" என்றார். "பையன் ரூம் கட்டியிருக்கறான். நானும் சரின்னுட்டேன். ஆனா இன்னிக்குக் காலைல நான் போட்ட கணக்கு எங்க போயி முடிஞ்சுதுன்னு எனக்கும் தெரியும், ஜெஸிந்தா ஊட்டுக் கோழிக்கும் தெரியும். என்னைய கேட்டுக்கு நடத்திக் கொண்டாந்தது இவ கணக்கு." அவர் திரும்பினார். "ஏ வேலாமணி. உன்னைய ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன். நீ சொல்லு. எங்க போலாம்?"

வசந்தகுமார் அம்மாவைப் பார்த்தான். இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. பெயின்ட் அடித்த அறை அவன் முகத்திலேயே தெரிந்தது. ஜெகதளா ரோட்டுப் பேரிக்காய் மரத்து வீடு வேலாமணியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள்.

அப்புறம் புதிதாகக் கரைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள்.

"மொதல்ல இதைக் குடிங்க. பொறகு சொல்றேன்."

நஞ்சப்பன் வாங்கினார். செடியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தார். காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"குடிச்சாச்சு" என்றார். "இப்பச் சொல்லு."